வாழ்த்துரை இல்லாத வலைப்பூவுக்கு ஒரு வாழ்த்துரை

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

கடலும் கழனியும் கைகோத்துக் கிடக்கும் இந்தக் கிழக்குக் கரையிலே, உப்புக் காற்றும் நெல்வாசமும் ஒன்றாய் வந்து உள்ளம் தொடும் இந்த மாலை வேளையிலே, பாண்டிருப்புத் திருச்சபை மண்டபத்துத் தலைமைக் கதிரையை அழகுபடுத்திக்கொண்டிருக்கும், அழகுபடுத்தல் ஒன்றும் வேண்டாம் என்று என்னிடம் ஏற்கனவே இரகசியமாகச் சொல்லிவிட்ட, மதிப்புக்கும் மாண்புக்கும் உரிய போதகர் கனகரெத்தினம் ஐயா அவர்களே, இன்றைய விழாவின் நாயகியாக இருந்தும் மேடைக்கு வர மறுத்து, நாலாவது வரிசையில் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருக்கும் செல்லத்தங்கம் டீச்சர் அவர்களே, சபையின் செயலாளர் தம்பி சுஜிந்தன் அவர்களே, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் ஐயா அவர்களே, என்னோடு கூட வந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்துப் பெரியோர்களே, பெற்ற வயிற்றின் பெருமையோடு பின் வரிசைகளில் வீற்றிருக்கும் தாய்மார்களே, அந்தத் தாய்மார்களுக்கு முன்னால் பாயில் இருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும் சின்னஞ்சிறு செல்வங்களே, உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தியும் சமாதானமும் உண்டாவதாக.

போதகர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார்கள். ஐயா, பொறுங்கள். நான் இன்னும் கூப்பிட்டே முடியவில்லை.

என்னைத் தெரியாதவர்களும் இந்தச் சபையிலே இருக்கலாம். அவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் மீராமுகைதீன். கல்முனைக்குடியில் நெட் கபே வைத்திருப்பவன், எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் செயலாளர். கடையை நடத்துவது நானல்ல, என் மகள் ஆகிலா. நான் கடை வாசலில் கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருப்பவன். கலியாணமா, கடை திறப்பா, கால்பந்துப் போட்டியா, எங்கே மேடை போட்டாலும் வாழ்த்துரைக்கு என்னை அழைப்பார்கள். என் மனைவி மைமூனா ஒருநாள் சொன்னார், "நிக்காஹ் வீட்டில மாப்பிள்ளைய விட நீங்கதான் கூட நேரம் மேடையில இரிக்கிங்க" என்று. மறுக்க முடியுமா? மறுத்தால் அதற்கும் ஒரு மேடை வேண்டுமே.

சரி. திருச்சபையை நடத்துவது எப்படி என்று சொல்லும் ஒரு வலைப்பூவுக்கு, பள்ளிவாசல்காரன் ஒருவனுக்கு என்ன வேலை? ஓம், கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன். பதில் கொஞ்சம் நீளம். போதகர் ஐயா மணியிலிருந்து கையை எடுத்துவிட்டால் நாங்கள் நிம்மதியாகப் போகலாம்.

முதலில், வலைப்பூ என்றால் என்ன? முன் வரிசையில் இருக்கும் ஹவ்வா உம்மா என்னைப் பார்த்து "அது எந்த மரத்தில பூக்கும் தம்பி" என்று வரும்போதே கேட்டார். உம்மா, அது கொம்பியூட்டரில் பூக்கும். ஒருவர் தன் வீட்டிலிருந்து எழுதினால், உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் அதைத் திறந்து வாசிக்கலாம். அச்சுக்கூடம் வேண்டாம், கடதாசி வேண்டாம், கட்டிக்கொண்டு போய்க் கொடுக்க ஆள் வேண்டாம். எழுதத் தெரிந்த கையும் எழுத ஒரு விஷயமும் இருந்தால் போதும். விஷயம் இல்லாமலும் எழுதுகிறார்கள், அவர்களைப் பற்றி இன்று நான் பேச வரவில்லை.

செல்லத்தங்கம் டீச்சரிடம் விஷயம் இருந்தது. யுத்தம் முடிந்தது. பாதைகள் திறந்தன. பாதை திறந்ததும் படுவான்கரையிலிருந்தும் வன்னியிலிருந்தும் ஆட்கள் இந்தச் சபையைத் தேடி வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் என்ன கேட்டார்கள்? வேத வசனம் கேட்டார்களா? அது அவர்களிடம் இருந்தது. விசுவாசம் கேட்டார்களா? அதை எங்களுக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் கேட்டது வேறு. போதகர் இல்லாத சபையில் கூட்டத்தை யார் தொடங்குவது? கூரைத் தகடு பத்து வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது, இருபது வீடு இருக்கிறது, எப்படிப் பங்கு வைப்பது? கோபித்துக்கொண்டு போனவரை யார் போய்க் கூப்பிடுவது? டீச்சர் ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப் போய், ஒருநாள் எங்கள் கடைக்கு வந்து ஆகிலாவிடம் கேட்டார்.

"மகள், ஒரு பக்கம் வேணும். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. படம் வேணாம், பாட்டு வேணாம், மினுங்கிற ஒண்டும் வேணாம். மெதுவான லைனிலயும் பட்டெண்டு திறக்கணும். ஏலுமா?"

ஆகிலா சொன்னாள், "ஏலும் டீச்சர். அதுதான் ஆக லேசான வேலை."

அன்பர்களே, ஆக லேசான வேலை என்று சொன்னாள். இந்த ஊரிலே எளிமையாக ஒன்றைச் செய்வது எவ்வளவு கடினம் என்று அந்தப் பிள்ளைக்கு அப்போது தெரியாது.

டீச்சர் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தவற்றை ஆகிலா தட்டெழுதும்போது நானும் எட்டிப் பார்ப்பேன். ஒன்று சொல்கிறேன். "கூட்டத்தின் நடுவே தேத்தண்ணீர் கொடுக்காதே. கொடுத்தால் முடிவு வராது, பிஸ்கட்தான் தீரும். முடிவு எடுத்த பிறகு கொடு." இன்னொன்று. "இரண்டு வீடு சண்டை பிடித்தால், நல்ல தேத்தண்ணீர் கிடைக்கும் வீட்டுக்கு முதலில் போகாதே." மற்றொன்று. "உதவி செய்தவரின் பெயரை மைக்கில் சொன்னால், உதவி வாங்கியவரின் பெயரையும் சொன்னது போலாகும்." இவற்றில் எது திருச்சபைக்கு மட்டும் சொந்தம்? எது பள்ளிவாசலுக்குப் பொருந்தாது? எது கோயிலுக்கு ஆகாது? அந்தத் தேத்தண்ணீர் விதியை நாங்கள் எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் கொண்டுவந்தோம். இப்போதெல்லாம் கூட்டம் இரவு இஷாத் தொழுகைக்கு முன்னமே முடிந்துவிடுகிறது. எங்கள் தலைவர் தலையாட்டுகிறார், பாருங்கள்.

இந்த அறிவு டீச்சருக்கு எங்கிருந்து வந்தது? புத்தகத்திலிருந்தா? கல்லூரியிலிருந்தா? கடலிலிருந்து வந்தது.

ஆழிப்பேரலை வந்த அந்த மார்கழி மாதத்தை இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் யாரையும் இழக்காத குடும்பம் இல்லை. கரை முழுவதும் ஒரே அழுகையாக இருந்தது, அழுகைக்கு மதம் இல்லாதிருந்தது. பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தபோது, இந்தச் சபை வளவுதான் மேட்டிலே மிஞ்சி நின்றது. பாண்டிருப்புச் சனமும் வந்தது, எங்கள் கல்முனைக்குடிச் சனமும் வந்தது. அதற்கு முன்னைய வருடங்களில் நமக்குள் கதை பேச்சு எவ்வளவு இருந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே பாதையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. அந்த முகங்கள் எல்லாம் ஒரே வளவில், ஒரே கிணற்றடியில் வந்து நின்றன.

மேட்டிலே இருந்தும் அந்தக் கிணற்றில் கடல் புகுந்திருந்தது. தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. என் மச்சான் முகைதீன்பாவா சம்மாந்துறையிலிருந்து, வயலுக்கு நீர் இறைக்கும் மெஷினை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். என்ன வரவேற்பு தெரியுமா? மாலை இல்லாத குறைதான். காலையிலிருந்து இறைத்தோம். கிணறு வற்ற வற்ற இறைத்தோம். உப்பெல்லாம் வெளியே போய்விடும், நல்ல தண்ணீர் ஊறி வரும் என்று எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். இறைக்க இறைக்க, அன்பர்களே, உப்பு கூடியது. அடியில் கிடந்த கடல் எங்கள் அவசரத்தைப் பார்த்து மேலே ஏறி வந்தது. கரை முழுவதும் அந்தப் பிழையை எத்தனை ஊர் செய்தது. நல்லது செய்கிற வேகத்தில் செய்த பிழை.

உடனே என்ன நடந்தது? ஆள் ஆளைக் குற்றம் சொன்னார்கள். மெஷின் கொண்டுவந்தவன் பிழை என்றார்கள், இறைக்கச் சொன்னவன் பிழை என்றார்கள், கடைசியில் அது நம் இரண்டு சனத்துக்கும் நடுவில் சண்டையாகப் போகப் பார்த்தது. அந்த நேரத்தில் செல்லத்தங்கம் டீச்சர் வந்து மெஷினை நிறுத்தினார். அவர் தன் கணவரை அடக்கம் செய்து அப்போது நாட்கள்கூட அதிகம் ஆகவில்லை.

"வாளியால அள்ளுவம். கொஞ்சம் அள்ளி, ஊற விடுவம். ரெண்டு பேர் கயிறு பிடிங்க. நீங்களும், அவரும்."

யார் யார் முகம் பார்ப்பதில்லையோ, அவர்களைப் பார்த்துச் சோடி சேர்த்தார். அதை நாங்கள் பிறகுதான் கண்டுபிடித்தோம். என்னைச் சேர்த்தது இந்த வண்ணக்கர் ஐயாவோடு. சிரிக்கிறார், பாருங்கள். முதல் நாள் நாங்கள் பேசவில்லை. கயிறு பேசியது. அடுத்த நாள் அவர் "மெதுவா இழுங்க" என்றார், நான் "ஓம்" என்றேன். மழை பெய்து, ஊறி, அள்ளி, மறுபடி ஊறி, அந்தக் கிணறு குடிக்கக் கூடியதாக மாறப் பல மாதம் பிடித்தது. அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் வீட்டில் ஒருவர் சோறு தின்னும் அளவுக்கு வந்துவிட்டோம்.

டீச்சர் தன் வலைப்பூவுக்கு எழுதிய முதல் கட்டுரை அந்தக் கிணற்றைப் பற்றியது. மனம் முறிந்த சபையில் முதல் கூட்டத்தைப் பேச்சில் தொடங்காதே, வேலையில் தொடங்கு, அவசரப்பட்டு அடிவரை இறைக்காதே, ஊற விடு என்று எழுதியிருந்தார். அரைப் பக்கம் கூட இல்லை.

இனி நம் ஊரின் பெருமைக்கு வருகிறேன். பக்கம் தயார். எழுத்து தயார். அப்போது சபைக் குழு கூடியது. தம்பி சுஜிந்தன், கோபிக்க வேண்டாம், நான் உள்ளதைத்தான் சொல்கிறேன். தம்பி எழுந்து கேட்டார்.

"டீச்சர், ஒரு காரியம் தொடங்கிறதெண்டா பெரியாக்கள்ட வாழ்த்துச் செய்தி இல்லாம எப்பிடித் தொடங்கிற?"

"இது விழா மலர் இல்ல தம்பி. அவசரத்தில ஒரு ஆள் வந்து பாக்கிற பக்கம்."

"ஓம் டீச்சர். வந்து பாக்கக்குள்ள அவருக்கு ஒரு மரியாத தெரிய வேணாமா?"

அன்பான பெரியோர்களே, தம்பி சொன்னதில் என்ன பிழை? நாங்கள் மலர் போட்டு வளர்ந்த சனம். கடை திறந்தால் மலர், கழகம் தொடங்கினால் மலர், அதிபர் வந்தால் மலர், அதிபர் போனால் அதைவிடப் பெரிய மலர். அந்த மலரைத் திறந்தால் ஆசிச் செய்தி, அருளாசிச் செய்தி, வாழ்த்துச் செய்தி, வாழ்த்துகிறோம் என்று வாழ்த்தும் செய்தி. எல்லாவற்றையும் தாண்டிப் போனால், கடைசியில் இரண்டு பக்கம் விஷயம் இருக்கும். அதையும் விளம்பரத்துக்கு நடுவில் தேட வேண்டும். இப்படிப்பட்ட எங்களிடம் வந்து, வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து போதும் என்றால் எங்களுக்கு நித்திரை வருமா?

டீச்சர் தனி ஆள். குழுவோ கூட்டம். வாழ்த்துகள் வந்து குவிந்தன. போதகர் ஐயா தந்தார், வண்ணக்கர் ஐயா தந்தார், எங்கள் பள்ளிவாசல் தலைவர் தந்தார், அதிபர்மார் தந்தார்கள், வர்த்தக சங்கம் தந்தது. எல்லாருக்கும் படம், படத்தைச் சுற்றிப் பூவேலை. செய்திகளிலே ஆக நீளமான செய்தி யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா? பின்னால் தாய்மார் என்னைக் கையால் காட்டுகிறார்கள். ஓம், அடியேனுடையதுதான். படம் போட்டு, பட்டம் போட்டு, கீழே போன் நம்பரும் போட்டேன், யாராவது வாழ்த்துரைக்குக் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று.

சென்ற நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளிலே, அந்த வலைப்பூவை இதே மண்டபத்தில் தொடக்கி வைத்தோம். நான் அன்றும் பேசினேன். மெதுவான லைனிலே, என் பேச்சு முடியும்வரைக்கும் திரையில் போதகர் ஐயா படத்தின் நெற்றிதான் வந்திருந்தது. கன்னம் வருவதற்குள் தேத்தண்ணீர் முடிந்துவிட்டது. எல்லாரும் கைதட்டி வீட்டுக்குப் போனோம், நல்ல விழா என்று சொன்னோம்.

சில மாதம் போயிற்று. ஒரு பின்னேரம், அஸர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து அமர்ந்த நேரம், என் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண்ணின் குரல்.

"ஐயா, நீங்களோ மீராமுகைதீன் ஐயா?"

"ஓம் தங்கச்சி, கதைக்கிறன்."

"என்ர பேர் கேதீஸ்வரி. வவுனியா டவுனில நிண்டு கதைக்கிறன். சபை நடத்திறது எப்பிடியெண்டு நீங்கள் எழுதியிருக்கிறியளாம். எங்கட பக்கம் வந்த சபை ஊழியர் ஒருத்தர் சொன்னவர். திறந்து பாத்தா ஐயாமாற்ற படந்தான் வந்துகொண்டிருக்குது. உங்கட படமும் நம்பரும் வந்ததோட நிண்டிட்டுது, அதுக்குக் கீழ ஒண்டும் வரேல்ல. எங்கட ஊர் பஸ் வெளிக்கிடப் போகுது. அதான் நம்பரைப் பாத்து எடுத்தனான்."

நான் சொன்னேன், "தங்கச்சி, நான் பள்ளிவாசல் ஆள்."

"பரவாயில்லை ஐயா. கூட்டம் வைக்கத் தெரிஞ்ச ஆள்தானே."

அவர் அவசரம் அவசரமாகச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன். கொஞ்சம் அமைதியாகக் கேளுங்கள், பிள்ளைகளே. வன்னியிலே ஒரு சின்ன ஊர். சிறு சபை. போதகர் யுத்தத்திலே இறந்துபோனார். முகாமிலிருந்து சில குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன. சபைக்குக் கூரை இல்லை, சுவர் இருக்கிறது. கேதீஸ்வரி அங்கே பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடம் சொல்லிக்கொடுத்தவர். வேறு ஆள் இல்லாததால் எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள். அந்தச் சபையிலே இரண்டு தாய்மார். யுத்தம் நடந்த நாளில், ஒரு தாயின் பிள்ளையை மற்றத் தாயின் பிள்ளை வந்து சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கூட்டிக்கொண்டு போனவனும் திரும்பவில்லை, போனவனும் திரும்பவில்லை.

"வாற ஞாயிறு முதல் கூட்டம் ஐயா. ரெண்டு அம்மாவும் வருவினம். நான் என்ன கதைக்கிறது? பிழையா ஒரு சொல்லு வந்தாலும் சபை அண்டைக்கே உடைஞ்சு போம். இனி அதுகளுக்கு வேற ஒண்டும் இல்லை."

அவையோரே, நான் யார்? எந்த மேடையையும் எந்த நேரத்திலும் நிரப்பக் கூடியவன். வாயைத் திறந்தேன். "அன்பிற்கினிய தங்கச்சி, மன்னிப்பு எனப்படுவது மலையினும் மாணப் பெரிது" என்று தொடங்கினேன்.

"ஐயா, சுருக்கமாச் சொல்லுங்கோ. போனில சார்ஜ் முடியுது."

இத்தனை வருடம் மேடை மேடையாய்க் கொட்டிய தமிழில், அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு வரி என்னிடம் இருக்கவில்லை. அப்போது ஆகிலா தன் கதிரையிலிருந்து எழுந்து, "வாப்பா, போனத் தாங்க" என்று கையிலிருந்து பறித்தாள். டீச்சரின் எழுத்து அவளுடைய கொம்பியூட்டரில் இருந்தது. அதைத் திறந்து பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, சபை வளவில கிணறு இரிக்கா?"

"இருக்கு. இடிஞ்சு குப்பை நிறைஞ்சு கிடக்கு."

"கண்ணிவெடி எடுக்கிறாக்கள் பாத்திட்டாங்களா?"

"ஓம், பாத்துச் சரியெண்டு விட்டவை."

"அப்ப முதல் நாள் ஒருத்தரும் ஒண்டும் கதைக்க வேணாம். எல்லாரும் சேந்து கிணத்த இறைங்க. மெஷின் வேணாம், வாளி. கயித்துக்கு ரெண்டு பேர். யார் யாரெண்டு நீங்க சொல்லுங்க. கொஞ்சம் இறைச்சிட்டு, ஊற விடுங்க. ஜெபம் சின்னதா வைங்க."

அவ்வளவுதான். போன் நின்றுவிட்டது. அவர் கேட்டாரா, பாதியில் அறுந்ததா, எங்களுக்குத் தெரியாது. திருப்பி எடுத்தோம், போகவில்லை.

நான் நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். பெருமையாகச் சொன்னேன், டீச்சர், வன்னியிலிருந்து உங்கள் பக்கத்தைத் தேடுகிறார்கள் என்று. டீச்சர் சந்தோசப்படவில்லை. "அந்தப் புள்ளைக்குப் பக்கம் திறக்கல்லியா?" என்று மட்டும் கேட்டார். யாரையும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மறுபடி சபைக் குழு கூடியது, என்னையும் அழைத்திருந்தார்கள். வாழ்த்துகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எடுப்பது யார்? போட்ட படத்தை எடுப்பது நம் ஊரிலே சின்ன விஷயமா? தலைமுறை தலைமுறையாகக் கலியாணத்துக்குச் சொல்லாமல் விட இது ஒன்று போதுமே. வண்ணக்கரின் செய்தியை எடுத்தால் கோயில் என்ன நினைக்கும், தலைவரின் செய்தியை எடுத்தால் பள்ளிவாசல் என்ன நினைக்கும் என்று ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, முதலில் என்னுடையதை எடுங்கள் என்றேன். ஆக நீளமானது போனால் மற்றவை தானாகப் போகும். போனில் கேட்டதும் வண்ணக்கர் ஐயா சிரித்துக்கொண்டு, "எடுங்க, அது என்ட கலியாணத்துக்குப் பிடிச்ச படம்" என்றார். போதகர் ஐயா தன்னுடையதைத் தானே அழித்தார். வீட்டுக்குப் போய் மைமூனாவிடம், என் வாழ்த்துரையை எடுத்துவிட்டார்கள் என்றேன். "நல்லம். வாசிச்ச ஆக்கள் யாரெண்டு எனக்கும் தெரியல்ல" என்றார்.

கைதட்டுங்கள், தாய்மார்களே. அவர் உங்களில் ஒருவர்தான்.

ஒன்றே ஒன்றை எடுக்க டீச்சர் விடவில்லை. "பேச்ச எடுத்தாச்சி. நம்பர் இரிக்கட்டும். உதவினது அதுதான்" என்றார். ஆகவே இன்றைக்குப் பாண்டிருப்புத் திருச்சபையின் வலைப்பூவின் அடியிலே, கல்முனைக்குடிப் பள்ளிவாசல் செயலாளரின் போன் நம்பர் இருக்கிறது. ஞாயிறு காலையில் எங்கெங்கோ இருந்து எனக்கு அழைப்பு வருகிறது. "ஐயா, ஸ்தோத்திரம்" என்கிறார்கள். "உங்களுக்கும் சாந்தி உண்டாகட்டும், பொறுங்க, டீச்சர்ட குடுக்கிறன்" என்கிறேன். இந்த வயதில் இறைவன் எனக்கு இப்படி ஒரு பதவி தருவான் என்று நான் நினைத்ததில்லை. எனக்கு அதில் எவ்வளவு சந்தோசம் என்று சொல்லவும் தெரியவில்லை.

அன்பர்களே, தலைமை என்றால் என்ன? மாலை வாங்கும் கழுத்தா? மைக் பிடிக்கும் கையா? மலரின் முதல் பக்கத்து முகமா? அவசரத்தில் ஓடி வரும் ஒருவருக்கு முன்னால் குறுக்கே நிற்காமல் விலகிக் கொள்ளத் தெரிந்தால், அதுவல்லவா தலைமை? வழியைக் காட்டுகிறேன் என்று வழியிலேயே நிற்பவன் தலைவனா? பள்ளிவாசலானால் என்ன, கோயிலானால் என்ன, திருச்சபையானால் என்ன, உள்ளே வர வேண்டியவர் வாசலில் நிற்க, நாங்கள் வாசலை அலங்கரித்துக்கொண்டே இருக்கலாமா? இருக்கலாமா என்று கேட்கிறேன்.

"ஏலாது" என்கிறார் ஹவ்வா உம்மா. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் எல்லாரும் மனதில் வைத்திருக்கும் கேள்வி. அந்த ஞாயிறு என்ன ஆனது? எங்களுக்கும் தெரியாதிருந்தது. நான் ஒவ்வொரு நாளும் போனைப் பார்த்தேன். டீச்சர் வாயால் கேட்கவில்லை, ஆனால் மரக்கறி வாங்க வந்தாலும் கடைக்கு ஒரு முறை வந்துவிட்டுப் போவார். அந்தப் பிள்ளை மறுபடி வவுனியாவுக்கு வந்தபோது, வலைப்பூவைத் திறந்திருக்கிறார். பக்கம் பட்டென்று திறந்திருக்கிறது. எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு, நம்பரைப் பார்த்து எடுத்தார். இந்த முறை நான் ஒரு சொல்லும் சொல்லாமல் போனைக் கடைக்கு வந்திருந்த டீச்சரின் காதில் வைத்தேன்.

டீச்சர் அவரிடம், நடந்ததை நீயே எழுது மகள், போடுவோம் என்றார். அவர் எழுதி அனுப்பியதுதான் இன்று நாம் மறுபடி தொடக்கி வைக்கும், வாழ்த்துரை இல்லாத இந்தப் பக்கத்தின் முதல் கட்டுரை. டீச்சர் தன் கட்டுரையை இரண்டாவதாக வைத்துவிட்டார். மைக்கைக் கொஞ்சம் கூட்டுங்கள், தம்பி. வாசிக்கிறேன். என் சொல் ஒன்றும் இதில் இல்லை.

"நாங்கள் கிணறு இறைத்தோம். இரண்டு அம்மாவையும் ஒரே கயிற்றில் விட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அவர்கள் கதைக்கவில்லை. முதல் ஞாயிறு இறைத்து ஊற விட்டோம். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறு, கூட்டிக்கொண்டு போகப்பட்ட பிள்ளையின் அம்மாவுக்குக் கை வழுக்கி, கயிறு உள்ளங்கையை வெட்டிவிட்டது. மற்ற அம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினா. கட்டும்போது, 'என்ர பிள்ளையும் வரேல்ல அக்கா' என்றா. அவ்வளவுதான் கதைத்தது. இருவரும் கிணற்றுக்கட்டில் இருந்து அழுதார்கள். பிந்தித்தான் ஆராதனை தொடங்கினோம். அன்றைக்குக் கையில் கட்டோடு அந்த அம்மா தன் பாயில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு இருந்தா. மற்ற அம்மா வந்து இருந்தா."

பெரியோர்களே, தாய்மார்களே, நான் மேடையேறத் தொடங்கிய நாளிலிருந்து, இன்னொருவர் எழுதியதை வாசித்து என் பேச்சை முடித்ததில்லை. இன்று முடிக்கிறேன். போதகர் ஐயா மணி அடிக்கவில்லை, கண்ணைத் துடைக்கிறார்கள். அழைத்த சபைக்கும், பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கும், தூணுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் டீச்சருக்கும் என் மனம் நிறைந்த நன்றி. அந்த இரண்டு தாய்மாருக்கும் உங்கள் எல்லாருக்கும் இறைவனின் சாந்தி கிடைக்கட்டும்.

மகள் ஆகிலா, பக்கத்தைத் திற. இவர்கள் வாசிக்கட்டும்.